லேக் வியூ சாலையில் ஏரி எங்கே? – சென்னைப் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள் – எழும்பூர்

ஆடி அமாவாசைக்கு வீட்டில் படையல் போட்டுவிட்டு அன்றிரவே ரயிலேறி, காலை 7 மணிக்கு முன்னரே எழும்பூரில் இறங்கினேன். அதற்குள் கழுத்து நனைந்துவிட்டது. எங்கள் கரிசல் காட்டு வெயில் உடம்பைக் காயவைக்கும். இந்த ஊரின் புழுக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சிறிய நகராட்சி ஒன்றில் நான் வார்டு உறுப்பினர். 2022 பிப்ரவரித் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் நின்று வென்றேன். இந்த இரண்டரை ஆண்டுகளில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் சாலைக்கும் மனு எழுதக் கற்றுக்கொண்டேனே ஒழிய, ஓர் ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும், எந்தப் பக்கம் வளரக் கூடாது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நகரத் திட்டமிடல் பற்றி 5 நாள் பயிற்சி என்று கடிதம் வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே நான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வரும்போது வார்டின் பழைய கிராம வரைபட நகலைக் கொண்டுவர வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் வாங்கிய நகலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நிலைய வாசலில் ஆட்டோவுக்கு 250 ரூபாய் கேட்டார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தாண்ட போய் நில்லும்மா, ரோஸ் கலர் பஸ்ஸு வரும், காசு வாங்க மாட்டாங்க" என்றார். வந்தது. நடத்துநர் மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததோடு, இறங்குமிடம் வந்தபோது பெயர் சொல்லிக் கூவியும் இறக்கிவிட்டார். 2 இட்லி, ஒரு வடை, காபி 85 ரூபாய். எங்கள் ஊரில் அதே காசுக்கு வீட்டிலுள்ள மூவர் சாப்பிடலாம். சாம்பாரில் வெல்லம் சற்றுத் தூக்கலாக இருந்தாலும், வடை நன்றாக இருந்தது.

வகுப்பு எடுத்தவர் பணி ஓய்வு பெற்ற நகரமைப்பு அலுவலர். சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டு எண்களிலிருந்து தொடங்கினார். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1970-களின் நடுவில் நடப்புக்கு வந்தது. இரண்டாவது திட்டத்துக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவிலிருந்த 30 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் நகரம் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. விதி மீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்துவதற்காக 1990-களின் இறுதியில் அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டிவந்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர்ப் பகுதி, 2022-இல் வந்த அரசாணையால் 5,904 சதுர கிலோமீட்டர் என்று விரிந்திருக்கிறது.

அதன்பிறகு எண்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களுக்கு வந்தார். திருவல்லிக்கேணி, பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல், மடுவாங்கரை, குளத்தூர். "இந்தப் பேர்களை நானோ அரசாங்கமோ வைக்கலை. கேணி, தாங்கல், மடு, குளம். தண்ணி எங்கே நிக்கும்னு முன்னோர் பேராவே எழுதி வச்சிட்டுப் போனாங்க. நாங்க மனைப்பிரிவுக்கு அனுமதி குடுக்கும்போது சர்வே எண்ணைப் பாத்தோம், பேரைப் பாக்கலை" என்றார். தாங்கல் என்றால் பெரிய ஏரி நிரம்பி வழியும் நீரைத் தாங்கிக்கொள்ளும் சிற்றேரி என்று விளக்கினார். எங்கள் பக்கத்தில் கண்மாய் மறுகால் பாய்கிறது என்கிறோம். இங்கே ஏரி கலங்கல் போகிறது என்கிறார்கள். சொல் வேறானாலும் தண்ணீர் போகும் முறை ஒன்றுதான் என்று தெரிந்ததும் வகுப்பில் எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய் – தியாகராய நகர், மேற்கு மாம்பலம்

இன்று அறைக்குள் வகுப்பு இல்லை. பனகல் பூங்காவில் கூடி, அங்கிருந்து நடந்தோம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காகப் பூங்காவைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு நகரம் முழுவதும் இப்படித்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்களாம். ஆடித் தள்ளுபடிக் காலமாதலால் ரங்கநாதன் தெருவில் நாமாக நடக்கவே வேண்டியதில்லை, கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போய்விடுகிறது. அந்த நெரிசலிலும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு நான்கைந்து பேர் சொல்லாமலே வழிவிட்டதைப் பார்த்தேன்.

பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. நடப்பவர்களுக்கென்று அகலமான இடம் ஒதுக்கி, கல் பாவி, உட்காரப் பலகையும் போட்டிருக்கிறார்கள். துணிப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான தம்பதி அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தனர். காசு கொடுக்காமல் உட்காரக் கிடைக்கும் இடம் ஓர் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் கடைவீதியில் வெயிலில் நிற்கும் பெண்களை நினைத்தபோது புரிந்துகொண்டேன்.

நாங்கள் நின்றிருந்த இந்த நகர்ப்பகுதி நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரிகளை வெள்ளைக்காரர்கள் நெடிய ஏரி என்ற பொருளில் லாங் டேங்க் என்று அழைத்தார்கள். வீட்டுமனை வேண்டும் என்று 1920-களில் மாம்பலத்துப் பக்கத்து ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த ஏரிப்பகுதியிலேதான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. அந்தச் சாலையின் நடுவில் நின்று நாலாபுறமும் பார்த்தேன். அடுக்கு வீடுகளும் மருந்துக் கடைகளும் மாவு அரைக்கும் கடையும் இருந்தன. கரைச் சாலைக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

மாலை 5 மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம்தான் பெய்தது, ஆனால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நடக்கையில் செருப்பின் வார் அறுந்தது. பையிலிருந்த வரைபடச் சுருளும் நனைந்துவிட்டது. தெருமுனையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த செருப்புத் தைப்பவர் 40 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார். கையில் வேலை நடக்கும்போதே, "இங்க நிக்காதக்கா. தண்ணி இப்ப அந்தத் தெருவிலேர்ந்து வரும், கால் மணி நேரம் கழிச்சு இப்படித் திரும்பும். அரங்கநாதன் சுரங்கப்பாதை பக்கம் மட்டும் போயிடாத" என்றார். சொன்னபடியே கால் மணி நேரத்தில் தண்ணீர் திரும்பியது. இருபது வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவர். மழைநீர் வடிகாலுக்கு வரைபடம் போடுகிறவர்கள் இவரைப் போன்ற ஒருவரிடம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் எத்தனையோ செலவு மிச்சமாகும் என்று எனக்குத் தோன்றியது. விடுதியில் வரைபடத்தை மின்விசிறிக்குக் கீழே விரித்து, நான்கு மூலையிலும் செம்பு, சீப்பு, கண்ணாடிக் கூடு, செல்பேசி என்று வைத்துக் காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன் – வேளச்சேரி, பள்ளிக்கரணை

கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் தடம் போட்டுக்கொண்டிருந்ததால் பறக்கும் ரயில் அப்போது ஓராண்டாகச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்துதான் கிளம்பியது. அங்கே போய் வேளச்சேரிக்கு 5 ரூபாய் சீட்டு வாங்கினேன். இந்நகரத்தில் நான் கொடுத்த கட்டணங்களில் மிகக் குறைவானது இதுதான், கண்டது அதிகம்.

சன்னல் வழியாகக் கீழே பார்த்தபடியே போனேன். பக்கிங்காம் கால்வாயின் ஓரமாகவும், பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே தூண் நாட்டியும்தான் இந்தப் பாதையைக் கட்டியிருக்கிறார்கள். 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1870-களின் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மக்கள் மண் சுமந்து விரிவாக்கியது. உப்பும் விறகும் படகில் வந்த நீர்வழியில் இன்று தூண்களும் கறுத்த சாக்கடையும்தான் இருக்கின்றன. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு பெட்டியில் இருந்த மாணவிகளும் காய்கறிக் கூடைக்காரர்களும் அது இல்லாவிட்டால் வேறு எதில் போவார்கள்? ஆனால் நிலம் கையகப்படுத்தும் தொல்லை இல்லாத இடம் என்பதற்காகவே நீர்வழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் எங்கள் நகராட்சி வரை வந்திருக்கிறது. அதை நினைத்துக் கலங்கினேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் கோரையும் திறந்த நீருமாக விரிந்திருக்க, நீலத் தாழைக்கோழிகள் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. மறுபக்கத்துப் பெருங்குடிக் குப்பைக்கிடங்கிலிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் வாடை வந்தது. இந்த நிலத்தைக் கழுவேலி என்று சொல்வது வழக்கமாம். தென்சென்னையைச் சுற்றி ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர், ஏரிக்கு ஏரி வழிந்து கடைசியில் இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் பக்கத்து முகத்துவாரத்தில் கடலை அடைய வேண்டும். 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு, விளைச்சல் தராத நிலம் என்ற எண்ணத்தில் குப்பைக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் சிறிது சிறிதாகப் போய்விட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தபோது கணக்கிலிருந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்.

பயிற்சியாளர் அங்கே சொன்ன ஒன்றை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டேன். "2015 டிசம்பர் 1 அன்னிக்கு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்தாங்க, அடையாறு ஊருக்குள்ள வந்துச்சு. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மூழ்கினதும் இதே ஊர்தான், காஞ்சதும் இதே ஊர்தான். நடுவுல நாலு வருஷம்கூட இல்லை." 2015-இல் எங்கள் தெருவிலிருந்து அரிசியும் போர்வையும் கட்டி லாரியில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. அன்று எங்களுக்கு அது மழை செய்த அழிவாக மட்டுமே தெரிந்தது.

இளநீர் 60 ரூபாய். வெட்டியவர் வழுக்கையைச் சுரண்டித் தந்த பிறகு, முகம் கழுவிக்கொள்ளக் குடத்துத் தண்ணீரும் ஊற்றினார்.

ஆகஸ்ட் 8, வியாழன் – பெரும்பாக்கம்

நகரத்துக்குள் ஆற்றங்கரைகளில் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு இது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று 2000-க்குப் பிறகு தெற்கில் வரிசையாக எழுந்தவற்றில் பெரியது. 8 மாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பால்கனிக்குப் பால்கனி துணி காய்கிறது.

ஆறாம் மாடியில் ஓர் அக்கா எங்களில் மூவரை உள்ளே அழைத்தார். சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே வந்திருக்கிறார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் வைத்தார். அந்தத் தொக்கின் காரம் எங்கள் ஊர்க் காரத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. வீடு எப்படி என்று கேட்டேன். "வூடு நல்லாத்தான் கீதுக்கா. வெள்ளம் வருமோன்னு ராத்திரி முழிச்சிக்கினு இருக்க வேணாம். ஆனா வேலை அங்கயே நின்னுட்ச்சு, நாங்க மட்டும் இங்க வந்துட்டோம்" என்றார்.

முன்பு நடந்துபோகும் தொலைவில் நான்கு வீடுகளில் வேலை செய்திருக்கிறார். இப்போது விடியுமுன் 4.45-க்கு எழுந்து ஓடி, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று போய்வருவதால் இரண்டு வீடுகளைத்தான் வைத்துக்கொள்ள முடிகிறது. பேருந்தில் காசில்லை என்பதால் அதுவாவது முடிகிறது என்றார். மகளைப் பள்ளி மாற்றியதில் ஓராண்டு படிப்பு கெட்டுப்போயிற்று. வகுப்பில் நில உபயோகம், போக்குவரத்து, வீட்டுவசதி என்று தனித்தனித் தாளில் எழுதிக்கொண்ட மூன்றும் இந்த ஒரு பெண்ணின் ஒரு நாளில் ஒன்றாகவே கிடந்தன. சமையலறைச் சன்னலைத் திறந்தால் தூரத்தில் நீர் மின்னியது. ஆற்றங்கரையில் வெள்ளம் வருகிறது என்று எடுத்தவர்களைச் சதுப்பின் கரையில் கொண்டுவந்து வைத்தது எப்படிச் சரியாகும் என்று, திரும்பும் வழியில் பேருந்தில் பயிற்சியாளரிடம் கேட்டேன். "அப்ப எங்க கையில இருந்த காலி நிலம் இதுதாம்மா" என்றார். அவர் மழுப்பவில்லை, அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. அந்தப் பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நிலம் ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்காததால் வந்த பதில் அது.

ஆகஸ்ட் 9, வெள்ளி – எழும்பூர்

ஆடி வெள்ளி. விடுதிக்கு அடுத்த தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் தொட்டுக்கொள்ள. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் தன் பாத்திரத்தை முதலில் எனக்கு நீட்டி, "நீங்க வாங்கிக்கங்க ஆன்ட்டி, எனக்கு வீடு பக்கந்தான்" என்றான்.

கடைசி நாள் பயிற்சியில் அவரவர் வார்டு வரைபடத்தை விரித்து, நீரைக் குறிக்கும் எல்லாவற்றுக்கும் நீல வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஏரி, குளம், ஊருணி, ஓடை, வாய்க்கால் எதுவாயிருந்தாலும் சரி. அது இப்போது இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கூடாது, தாளில் இருந்தால் நீலம். பிறகு அதன்மேல் மெல்லிய தாளை வைத்து இன்றைய தெருக்களை வரைய வேண்டும்.

என் வார்டில் 2 ஏக்கர் 40 சென்ட்டில் ஊருணி ஒன்று இருக்கிறது. ஏழெட்டு வருடமாக நிரம்புவதில்லை. சும்மா கிடக்கிறதே என்று அதில் தினசரிச் சந்தைக்குக் கடை கட்ட மன்றத்தில் பேச்சு வந்தபோது ஆதரித்துப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. ஊருணிக்கு நீலம் தீட்டினேன். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து இரண்டு கோடுகள் இணையாக ஓடின. ஓடைப் புறம்போக்கு என்று போட்டிருந்தது. மழையில் நனைந்து மங்கிய இடத்தை விரலால் நீவி, அதற்கும் நீலம் தீட்டி, மேலே தாளை வைத்துத் தெருக்களை வரைந்தேன். பள்ளிக்கூடத் தெரு அந்த நீலத்தின்மேல் அப்படியே படிந்தது.

பள்ளிக்கூடத் தெருவுக்குச் சிமென்ட் சாலை கேட்டு மனு எழுதியவள் நான். 2023-இல் போட்டு முடித்ததும், முன்பைவிட ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது, இனிச் சேறே இருக்காது என்று தெருவில் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தவளும் நான்தான். ஊருணிக்கு மழை இல்லாமல் போகவில்லை. தெரு பள்ளமாக இருந்தவரை கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த நீர்வரத்தை முழுதுமாக அடைத்தது என் மனு.

பயிற்சியாளர் என் மேசைக்கு வந்து நின்று, வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொன்னார். நீர்நிலைப் புறம்போக்கை வேறு பயனுக்கு விடக்கூடாது என்பதில் உச்ச நீதிமன்றத்தின் 2001 தீர்ப்பு இருக்கிறது. பொதுப்பணித் துறையின் ஏரிகளைக் காக்க 2007-இல் மாநிலச் சட்டமும் வந்தது. ஆனால் முதலில், ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு நில அளவர் வந்து அளக்க வேண்டும், சாலையை உடைக்காமலே குறுக்கே குழாய்ப் பாலம் போட்டு நீரைத் திருப்ப முடியுமா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கென்று அடுக்கிய 18 பொருள்களில் முதலாவது நகரத் திட்டமிடல்தான் என்பதையும் அவர்தான் காட்டினார். அதுவரை அது எங்கோ சென்னையில் யாரோ செய்கிற வேலை என்றே நான் எண்ணியிருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள் – வீடு

சனிக்கிழமை இரவு ரயிலில் தூக்கமே இல்லை. மேல் படுக்கைக்கு ஏற முடியாத ஒரு பெரியம்மாவுக்கு என் கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிட்டு, பாதி இரவு கதவருகே நின்றுகொண்டே வந்தேன். வழியெல்லாம் இருட்டில் தெரிந்த கண்மாய்க் கரைகளை எண்ணினேன். விழுப்புரம் தாண்டியதும் எண்ணிக்கை தப்பிவிட்டது.

இன்று காலை தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேடு பார்த்தேன். ஓடைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. சந்தைக் கடைத் தீர்மானத்தைத் திரும்பப் பெறவும், பள்ளிக்கூடத் தெருவுக்குக் குறுக்கே குழாய்ப் பாலம் அமைக்கவும் அடுத்த கூட்டத்துக்கு மன்றப் பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடை கிடைக்கும் என்று நம்பியிருந்த இரண்டு பேர் மதியமே வீட்டுக்கு வந்து கோபமாகப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேறு இடம் பார்க்கும் பொறுப்பும் எனக்கு இருக்கிறது.

மாலையில் நில அளவர் சங்கிலியோடு வந்தார். ஊருணி மூலையில் எல்லைக்கல்லைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்வீட்டுத் தாத்தா கைத்தடியால் காட்டிய இடத்தில்தான் அது புதைந்திருந்தது. அங்கிருந்து தெரு நெடுக அளந்துகொண்டே வந்தோம். ஓடையின் அகலத்துக்குச் சங்கிலியைக் குறுக்கே பிடித்தபோது, அதன் ஒரு முனை என் வீட்டு வாசற்படியைத் தாண்டித் திண்ணைக்குள் 4 அடி போயிற்று. நில அளவர் என்னைப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளச் சொன்னேன். திண்ணையை இடிக்கக் கொத்தனாருக்குச் சொல்லியாயிற்று, புதன்கிழமை வருகிறார்.